சூரியக் கதிர்வீச்சுமானி

சூரியக் கதிர்வீச்சுமானி அல்லது பைரனோமீட்டர் என்பது, வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரு சமதளத்தின்மீது வந்து விழும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவி ஆகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை வாட் திறன் விழுகிறது என்பதே இதன் அளவீடாகும். தீ, மேல், அளவு என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து பைரனோமீட்டர் என்ற பெயர் உருவாக்கப்பட்டது. வானிலை நிலையங்கள், காலநிலை ஆய்வு, வேளாண்மை, நீர்வள மேலாண்மை, சூரிய மின்னுற்பத்தி ஆகிய துறைகளில் இது பயன்படுகிறது.

இக்கருவி வெட்டவெளியில் வெயில், மழை, தூசு, பறவைகள் ஆகியவற்றுக்கு நடுவே பல ஆண்டுகள் இடையறாது இயங்க வேண்டியது. பராமரிப்புக் குறைந்த கதிர்வீச்சுமானி பெரும்பாலும் இயங்காமல் நின்றுவிடுவதில்லை. நம்பத்தக்கதாகத் தோன்றும், ஆனால் உண்மையைவிடச் சற்றுக் குறைவான எண்களையே தொடர்ந்து தந்துகொண்டிருக்கும். ஆகவே, சரியான கருவியைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே அதனை நிறுவும் முறையும் பராமரிக்கும் முறையும் அளவீட்டின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

அளக்கப்படும் கூறுகள்

வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனுக்குச் செங்குத்தான ஒரு சதுர மீட்டர் பரப்பில் சராசரியாக 1361 வாட் அளவு சூரியத் திறன் விழுகிறது. இது சூரிய மாறிலி எனப்படும். வளிமண்டலத்தைக் கடந்து வரும்போது இதன் ஒரு பகுதி உறிஞ்சப்படுகிறது. மற்றொரு பகுதி சிதறடிக்கப்படுகிறது. இதனால் தரையில் மூன்று கூறுகள் தனித்தனியே அளக்கப்படுகின்றன.

* நேர்க்கதிர்வீச்சு: சூரிய வட்டிலிலிருந்து நேராக வருவது. இதனை அளக்கும் கருவி நேர்க்கதிர்மானி அல்லது பைரெலியோமீட்டர் எனப்படும். குழாய் வடிவிலான இக்கருவி ஏறத்தாழ 5 பாகை அகலமுள்ள வானப்பகுதியை மட்டுமே காணும். எனவே, சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் பொறியின்மீது இதனைப் பொருத்த வேண்டும்.
* சிதறிய கதிர்வீச்சு: காற்று மூலக்கூறுகள், நுண்துகள்கள், மேகங்கள் ஆகியவற்றால் சிதறடிக்கப்பட்டு வானத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து வருவது. கதிர்வீச்சுமானியின்மீது சூரிய வட்டில் மட்டும் மறையுமாறு சிறு பந்து அல்லது வளையத்தால் நிழலிட்டு இது அளக்கப்படுகிறது.
* மொத்தக் கதிர்வீச்சு: கிடைத்தளத்தில் விழும் மேற்கூறிய இரண்டின் கூட்டுத்தொகை. நிழலிடப்படாத கதிர்வீச்சுமானி இதனை அளக்கிறது.

சூரியன் தலைக்கு நேர்மேலே உள்ள உச்சிப்புள்ளியிலிருந்து எவ்வளவு சாய்ந்துள்ளது என்பது உச்சிக்கோணம் எனப்படும். இம்மூன்று கூறுகளுக்கும் உள்ள தொடர்பு பின்வருமாறு:

மொத்தக் கதிர்வீச்சு = (நேர்க்கதிர்வீச்சு × உச்சிக்கோணத்தின் கோசைன்) + சிதறிய கதிர்வீச்சு

வரலாறு

பிரெஞ்சு இயற்பியலாளர் கிளோட் புயே 1830-களின் இறுதியில் நீர் நிரம்பிய சிறு கலம் வெயிலில் சூடாகும் வேகத்தைக் கொண்டு சூரியனின் வெப்பத்தை அளந்தார். அவர் கணித்த சூரிய மாறிலி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1228 வாட் ஆகும். இது இன்றைய மதிப்பைவிடச் சுமார் 10 விழுக்காடு மட்டுமே குறைவானது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த நட் ஆங்சுட்ராம் 1893-இல் மின்னோட்டத்தால் வெப்பத்தை ஈடுசெய்து அளக்கும் நேர்க்கதிர்மானியை உருவாக்கினார். அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லசு ஆபட்டும் இலாயல் ஆல்டிரிச்சும் 1916-இல் வானம் முழுவதிலுமிருந்து வரும் கதிர்வீச்சை அளக்கும் தம் கருவிக்குப் பைரனோமீட்டர் என்று பெயரிட்டனர். 1920-களில் மோல் உருவாக்கிய வெப்ப மின்னடுக்கைக் கொண்டு கோர்சின்சுகி அமைத்த கருவி, இன்றைய கருவிகள் பலவற்றுக்கு முன்னோடியாகும்.

கண்ணாடி உருண்டையால் அட்டையில் தீத்தடம் பதிக்கும் காம்பெல்-சுடோக்சு கருவியும் பல வானிலை நிலையங்களில் பயன்பட்டு வந்துள்ளது. ஆனால், அது வெயில் அடித்த நேரத்தைப் பதியுமேயன்றிக் கதிர்வீச்சின் அளவைத் தராது.

அமைப்பும் செயற்பாடும்

பெரும்பாலான உயர்தரக் கதிர்வீச்சுமானிகள் வெப்ப மின்னடுக்கைக் கொண்டு இயங்குகின்றன. கறுப்பு வண்ணம் பூசப்பட்ட சிறு தகடு கதிர்வீச்சை உறிஞ்சிச் சூடாகிறது. அத்தகட்டுக்கும் கருவியின் உலோக உடலுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு ஏற்படுகிறது. சீபெக் விளைவின்படி இவ்வேறுபாடு சிறு மின்னழுத்தமாக மாறுகிறது. கருவியின் உணர்திறன் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டுக்குச் சில மைக்ரோவோல்ட்டு முதல் சுமார் 20 மைக்ரோவோல்ட்டு வரை இருக்கும். எடுத்துக்காட்டாக, உணர்திறன் 10 மைக்ரோவோல்ட்டாக உள்ள கருவி 8.5 மில்லிவோல்ட்டு மின்னழுத்தத்தைக் காட்டினால், கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 850 வாட் ஆகும்.

கறுப்புத் தகட்டின்மேல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அரைக்கோளக் கண்ணாடிக் கவிகைகள் அமைந்திருக்கும். அவை காற்று, மழை ஆகியவற்றிலிருந்து தகட்டைக் காப்பதோடு, வானத்துக்கும் தகட்டுக்கும் இடையே நிகழும் அகச்சிவப்பு வெப்பப் பரிமாற்றத்தையும் குறைக்கின்றன. ஏறத்தாழ 300 முதல் 2800 நானோமீட்டர் வரையான அலைநீளங்களைக் கண்ணாடி உள்ளே விடுகிறது. உடலின் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்கப்பட்டிருக்கும். மட்டம் பார்ப்பதற்கான குமிழ் ரசமட்டம், மட்டம் அமைக்கும் திருகுகள், உடல் வெயிலில் சூடாகாமல் காக்கும் வெள்ளை மறைப்பு ஆகியன பிற உறுப்புகளாகும்.

வகைகள்

* வெப்ப மின்னடுக்குக் கருவி: சூரிய நிறமாலை முழுவதற்கும் ஏறத்தாழ ஒரே அளவில் துலங்கும். துலங்கச் சில வினாடிகள் ஆகும். விலை அதிகம்.
* சிலிக்கான் ஒளி டயோடு கருவி: ஏறத்தாழ 400 முதல் 1100 நானோமீட்டர் வரை மட்டுமே உணரும். தரையை அடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த எல்லைக்கு வெளியே உள்ளது. அப்பங்கு அளவுத்திருத்தத்தின் மூலம் ஈடுசெய்யப்படுகிறது. இதன் துலக்கம் மிக விரைவானது, விலையும் குறைவு. ஆயினும், ஒளியின் நிறமாலை மாறும் இடங்களில், குறிப்பாக மர நிழலிலும் பயிர்களுக்கு அடியிலும், இதன் அளவீடு பிழைபடும்.
* சூரிய மின்கல ஒப்பீட்டுக் கருவி: சூரிய மின்தகட்டைப் போலவே தட்டையான கண்ணாடியின் கீழ் அமைந்த ஒரு மின்கலம். தகடுகள் பயன்படுத்தக்கூடிய கதிர்வீச்சை இது நன்கு காட்டும். ஆனால், வானிலையியல் கணிப்புகளுக்கு இது கதிர்வீச்சுமானிக்கு மாற்றாகாது.

தர வகுப்புகள்

பன்னாட்டுச் சீர்தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 9060 என்னும் சீர்தரம் கதிர்வீச்சுமானிகளை வகைப்படுத்துகிறது. 1990-ஆம் ஆண்டின் பதிப்பில் இருந்த இரண்டாம் நிலைச் சீர்தரம், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பெயர்களுக்கு மாற்றாக 2018-ஆம் ஆண்டின் பதிப்பில் ஏ, பி, சி என்ற வகுப்புகள் வந்தன. அவற்றின் முதன்மையான எல்லைகள் சில:

* துலங்கு நேரம் (95 விழுக்காட்டை அடைய): ஏ வகுப்புக்கு 10 வினாடிகள், பி வகுப்புக்கு 20 வினாடிகள், சி வகுப்புக்கு 30 வினாடிகளுக்குள்.
* ஓராண்டில் உணர்திறன் மாற்றம்: முறையே 0.8, 1.5, 3 விழுக்காட்டுக்குள்.
* சாய்ந்து வரும் கதிருக்கான திசைப்பிழை: முறையே சதுர மீட்டருக்கு 10, 20, 30 வாட்டுக்குள்.
* வெப்பநிலையால் ஏற்படும் மாற்றம்: முறையே 1, 2, 4 விழுக்காட்டுக்குள்.

இவ்வகுப்புகள் கருவியின் தரத்தைக் குறிப்பனவேயன்றி அளவீட்டின் தரத்தைக் குறிப்பன அல்ல. ஏ வகுப்புக் கருவியின் கவிகையில் தூசு படிந்திருந்தால், நாள்தோறும் துடைக்கப்படும் பி வகுப்புக் கருவியைவிட அது மோசமான அளவீட்டைத் தரக்கூடும்.

தேர்ந்தெடுத்தல்

எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே கருவி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

* காலநிலை ஆய்வுக்கும் பெரிய சூரிய மின்னிலையங்களுக்கும் ஏ வகுப்பைச் சேர்ந்த வெப்ப மின்னடுக்குக் கருவி ஏற்றது.
* பயிருக்கான நீர்த்தேவையைக் கணிக்கும் வேளாண் வானிலை நிலையங்களுக்கு பி அல்லது சி வகுப்புக் கருவி, அல்லது நல்ல ஒளி டயோடு கருவி பொதுவாகப் போதுமானது.
* பள்ளி, கல்லூரிச் செய்முறைகளுக்கு ஒளி டயோடு கருவி சிக்கனமானது.
* சூரியக் கதிரைக் குவித்து வெப்பமாக்கும் நிலையங்களுக்கு நேர்க்கதிர்வீச்சே பயன்படும். அங்கு நேர்க்கதிர்மானி இன்றியமையாதது.

விலையைக் கணக்கிடும்போது கருவியின் விலையை மட்டும் கருதலாகாது. மைக்ரோவோல்ட்டு அளவிலான மின்னழுத்தத்தைப் பிழையின்றி அளக்கும் தரவுப் பதிவி, காற்றூட்டி, அளவுத்திருத்தச் செலவு, நாள்தோறும் துடைப்பதற்கான ஆள் ஆகியவையும் கணக்கில் சேரும். துடைப்பதற்கு ஆளில்லாத தொலைவிடத்தில் நேர்க்கதிர்மானியை அமைத்தல் குறிப்பாக இடர் மிக்கது. நேர்க்கதிரைத் தூசு சற்றே சிதறடித்தாலும் அது கருவியின் குறுகிய பார்வைக்கு வெளியே சென்றுவிடும். அரைக்கோளம் முழுவதையும் காணும் கதிர்வீச்சுமானியோ, அவ்வாறு சிதறிய ஒளியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறது.

நிறுவுதல்

கருவியைச் சுற்றிலும் தடையற்ற வானம் தெரிய வேண்டும். குறிப்பாகச் சூரியன் எழும், மறையும் திசைகளில் அடிவானத்துக்கு மேல் 5 பாகைக்கு மிகுந்த உயரத்தில் எந்தத் தடையும் இருக்கலாகாது. ஒரு தடை கருவியின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயர்ந்துள்ளதோ அதைப்போல் குறைந்தது பத்து மடங்கு தொலைவில் கருவி அமைய வேண்டும் என்பது எளிய கணக்கு. வெளிர்நிறச் சுவர்களும் பளபளப்பான உலோகப் பரப்புகளும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

வட அரைக்கோளத்தில் கம்பங்களையும் பிற கருவிகளையும் கதிர்வீச்சுமானிக்கு வடக்கே அமைத்தால் நிழல் விழாது என்பது பொதுவான அறிவுரை. வெப்பமண்டலத்தில் இதனை அப்படியே பின்பற்ற இயலாது. எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ள சென்னையில், ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகலில் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும். அதற்கும் தெற்கே உள்ள யாழ்ப்பாணத்தில் இக்காலம் இன்னும் நீண்டது. ஆகவே, இப்பகுதிகளில் வடக்கே உள்ள தடைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிடைத்தள அளவீட்டில் மட்டம் மிக முக்கியமானது. கருவி சூரியனை நோக்கி 1 பாகை சாய்ந்திருந்தால், நேர்க்கதிர்க் கூற்றில் ஏற்படும் பிழை சூரியனின் உயரத்தைப் பொறுத்துப் பின்வருமாறு அமையும்:

* சூரியன் 60 பாகை உயரத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 1 விழுக்காடு.
* 30 பாகை உயரத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு.
* 10 பாகை உயரத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு.

சாய்வான சூரிய மின்தகடுகளின் தளத்தில் அளக்கும்போது, கருவியின் சாய்வும் திசையும் தகடுகளின் சாய்வோடும் திசையோடும் ஒத்திருக்க வேண்டும். கருவியின் மின்னழுத்தம் மிகச் சிறியது என்பதால், மின்வடங்களுக்கு உலோகக் காப்புறையும் நல்ல நிலத்தொடர்பும் தேவை. மின்னற்காப்பும் அமைக்கப்பட வேண்டும்.

பராமரிப்பு

தொடர்ந்து இயங்கும் கதிர்வீச்சுமானிகளை நாள்தோறும் ஒரு முறையேனும் பார்வையிட வேண்டும் என்று உலக வானிலை அமைப்பின் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. முதன்மையான பணிகள் வருமாறு.

* துடைத்தல்: கவிகையைத் தூய நீர் அல்லது ஆல்ககால் நனைத்த, இழை உதிராத மென்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். கீறல் உண்டாக்கும் பொருள்களைப் பயன்படுத்தலாகாது. மணல் படிந்திருந்தால் முதலில் நீரூற்றிக் கழுவிய பின்னரே துடைக்க வேண்டும். பொழுது விடியுமுன் துடைத்தல் சிறந்தது. அப்போது அளவீடு தடைப்படுவதில்லை. பகலில் துடைத்தால் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.
* பனித்துளி: விடியற்காலையில் கவிகையில் படியும் பனி காலை அளவீடுகளைக் கெடுக்கும். மெல்லிய காற்றோட்டமும் சிறிதளவு சூடேற்றலும் இதனைத் தடுக்கும்.
* ஈரமுறிஞ்சி: நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லை மாற்ற வேண்டும். மாற்றிய சில நாள்களிலேயே மீண்டும் நிறம் மாறினால் கருவியின் அடைப்பில் கசிவு உள்ளது எனக் கொள்ளலாம். கவிகையின் உட்புறத்தில் நீர்த்துளி தென்படுவதும் இதற்கு அறிகுறியாகும்.
* மட்டம்: ரசமட்டத்தின் குமிழ் வட்டத்துக்குள் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பறவைகள் அமர்வதாலும் புயற்காற்றாலும் மட்டம் மாறக்கூடும்.
* நிழற்பந்தும் பின்தொடர் பொறியும்: பந்தின் நிழல் கவிகை முழுவதையும் மூடுகிறதா எனப் பார்க்க வேண்டும். நிழல் வளையமாயின், சூரியனின் பாதை மாறுவதற்கேற்பச் சில நாள்களுக்கு ஒரு முறை நகர்த்த வேண்டும்.
* சூழல்: புதிதாக வளர்ந்த மரக்கிளை, புதிய கட்டடம் ஆகியவற்றைக் கவனித்துக் குறிக்க வேண்டும்.

குறிப்பேடு இப்பணிகளில் ஒன்றாகவே கருதப்படுகிறது. கருவி எப்போது துடைக்கப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்பு இல்லாத தரவில், வானத்தில் நிகழ்ந்த மாற்றத்தையும் கருவியில் நிகழ்ந்த மாற்றத்தையும் பின்னாளில் பிரித்தறிய இயலாது.

அளவுத்திருத்தம்

கறுப்பு வண்ணம் ஆண்டுக்கணக்கில் வெயிலில் இருப்பதால் அதன் உறிஞ்சுதிறன் மெல்ல மாறுகிறது. எனவே, ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒரு முறை கருவியின் உணர்திறனை மீண்டும் கண்டறிவது வழக்கம். நிழலிட்டும் நிழல் நீக்கியும் நேர்க்கதிர்மானியோடு ஒப்பிடுதல், தரமறிந்த மற்றொரு கதிர்வீச்சுமானியோடு அருகருகே வைத்து ஒப்பிடுதல் ஆகியன இதற்கான வழிகளாகும்.

இந்த ஒப்பீட்டுச் சங்கிலியின் தலைமுனை சுவிட்சர்லாந்தின் டாவோசு நகரில் உள்ளது. 1907-இல் அங்கு நிறுவப்பட்ட ஆய்வகம், 1971 முதல் உலகக் கதிர்வீச்சு மையமாகவும் செயற்படுகிறது. அங்குள்ள நேர்க்கதிர்மானிகளின் தொகுதி ஒன்று உலகக் கதிர்வீச்சு ஒப்பீட்டு அளவைப் பேணுகிறது. பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பல நாட்டினரும் தம் சீர்தரக் கருவிகளை அங்கு கொண்டுசென்று ஒப்பிடுகின்றனர். 2020-இல் நிகழவேண்டிய ஒப்பீடு, பெருந்தொற்றுக் காரணமாக 2021-இல் நடைபெற்றது.

தரவுகளைச் சரிபார்த்தல்

கருவியின் நிலையை அதன் தரவுகளைக் கொண்டே பெரிதும் அறியலாம்.

* இரவு அளவீடு: தெளிந்த இரவில் கவிகை குளிர்ந்த வானத்தை நோக்கி வெப்பத்தை இழப்பதால், வெப்ப மின்னடுக்குக் கருவி சதுர மீட்டருக்குச் சில வாட் அளவு எதிர்மதிப்பைக் காட்டும். இது இயல்பானது. மூலத்தரவில் இதனைச் சுழியமாக மாற்றிவிடலாகாது. இம்மதிப்பு திடீரென மாறினால், மின்வடத்திலோ பதிவியிலோ பழுது இருக்கக்கூடும்.
* தெளிந்த நாளின் வளைகோடு: மேகமற்ற நாளில் முற்பகல் வளைகோடும் பிற்பகல் வளைகோடும் சூரிய நண்பகலைச் சுற்றி ஏறத்தாழச் சமச்சீராக இருக்கும். சமச்சீரின்மை தொடர்ந்தால் மட்டத்தைச் சோதிக்க வேண்டும். நாள்தோறும் ஒரே வேளையில் பள்ளம் தோன்றினால் அது நிழலைக் குறிக்கும்.
* மூன்று கூறுகளின் ஒப்பீடு: எடுத்துக்காட்டாக, உச்சிக்கோணம் 30 பாகை, நேர்க்கதிர்வீச்சு 800 வாட், சிதறிய கதிர்வீச்சு 120 வாட் எனில், மொத்தம் ஏறத்தாழ 813 வாட் ஆக இருக்க வேண்டும். கதிர்வீச்சுமானி 780 வாட் காட்டினால், மூன்று கருவிகளுள் ஒன்றில் கோளாறு உள்ளது என அறியலாம்.

வழக்கத்துக்கு மாறான எண்கள் எல்லாம் பிழைகள் அல்ல. சூரியனை மறைக்காமல் அருகில் நிற்கும் வெண்மேகங்களின் விளிம்புகள் ஒளியைச் சிதறடித்துத் தரைக்கு அனுப்பும்போது, கதிர்வீச்சு சில வினாடிகள் முதல் சில நிமிடங்கள் வரை தெளிவான வானத்தின் அளவை மிஞ்சும். இத்தகைய உண்மையான உச்சங்களைப் பிழையெனக் கருதி நீக்கிவிடலாகாது.

பிழையின் விளைவுகள்

சூரிய மின்னிலையத்தின் செயற்றிறன் விகிதம் என்பது, விழுந்த கதிர்வீச்சுக்கு ஏற்ப எதிர்பார்க்கப்படும் மின்னாற்றலில் எவ்வளவு உண்மையில் கிடைத்தது என்பதாகும். எதிர்பார்ப்பு 1000 அலகு, கிடைத்தது 760 அலகு எனில் இவ்விகிதம் 76 விழுக்காடு. கவிகையில் தூசு படிந்து கதிர்வீச்சுமானி 5 விழுக்காடு குறைத்துக் காட்டினால், எதிர்பார்ப்பு 950 அலகாகச் சுருங்கும். விகிதமோ 80 விழுக்காடாக உயரும். நிலையம் நன்றாக இயங்குவதாகவே பதிவுகள் கூறும். இவ்வாறு, தகடுகளில் படிந்த தூசால் ஏற்படும் இழப்பைக் கருவியில் படிந்த தூசு மறைத்துவிடுகிறது.

காலநிலை ஆய்வில் விளைவு இன்னும் நுட்பமானது. 1950-களிலிருந்து 1980-கள் வரை உலகின் பல நிலையங்களில் தரையை அடையும் கதிர்வீச்சு குறைந்து வந்ததாகப் பதிவுகள் காட்டின. இது உலகளாவிய மங்கல் என அழைக்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதிக்குப் பின்னர்ப் பல இடங்களில் கதிர்வீச்சு மீண்டும் கூடியது. இம்மாற்றங்கள் பத்தாண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சில வாட் அளவிலானவை. ஆண்டுக்கு 0.5 விழுக்காடு உணர்திறன் குறையும் கருவியைத் திருத்தாது விட்டால், பத்தாண்டில் பிழை ஏறத்தாழ 5 விழுக்காடாகும். ஆண்டுச் சராசரி 200 வாட் உள்ள இடத்தில் இது 10 வாட் ஆகும். அதாவது, தேடப்படும் மாற்றத்தைவிடக் கருவியின் பிழை பெரிதாகிவிடும். இத்தகைய ஐயங்களுக்கு இடமின்றி உயர்தர அளவீடுகளைத் திரட்டுவதற்காக, 1992 முதல் அடிப்படைத் தரைக்கதிர்வீச்சு வலையமைப்பு இயங்கி வருகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் 1957-58-ஆம் ஆண்டுகளின் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, இந்திய வானிலை ஆய்வுத் துறை கதிர்வீச்சு அளவீட்டு வலையமைப்பைத் தொடங்கியது. புனேயில் உள்ள அதன் மையம், கருவிகளின் அளவுத்திருத்தத்தையும் மேற்கொள்கிறது. 2011-இல், அப்போது காற்றாலைத் தொழில்நுட்ப மையம் என்ற பெயரில் சென்னையில் இயங்கிய நிறுவனம், முதற்கட்டமாக நாடெங்கும் 51 சூரியக் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை அமைத்தது. இந்நிலையங்களில் சூரியனைப் பின்தொடரும் பொறியின் துணையுடன் மூன்று கூறுகளும் அளக்கப்பட்டு, ஒரு நிமிடச் சராசரிகளாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டன. இந்நிறுவனம் தற்போது தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் இன்று கதிர்வீச்சு கணிக்கப்படுகிறது. எனினும், அக்கணிப்புகள் சரியானவையா என்பதைச் சோதிப்பதற்குத் தரையில் உள்ள கதிர்வீச்சுமானிகளே அடிப்படையாக விளங்குகின்றன. அவற்றின் நம்பகத்தன்மையோ, கவிகையை நாள்தோறும் துடைத்து அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பணியைப் பெரிதும் சார்ந்துள்ளது.